கூடம் கோணல்

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நீ, உன் மனைவி, பாப்பா மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. மருந்தைக் குடிக்கச் சொன்னால் எனக்கே பாடம் எடுக்கிறார்.

நான் கேட்ட மாற்றல் கிடைத்துவிட்டது. நாம் இருவரும் படித்த கல்லூரிக்கே உடற்கல்வி ஆசிரியையாக வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே சந்தோஷப்பட்டுவிடாதே. விளையாட்டு அறையைத் திறந்தால் எலிப்புழுக்கை. நாலு கூடைப்பந்தில் மூன்றுக்குக் காற்று நிற்காது. நான் படிக்கும்போது எறிந்த இரும்புக் குண்டு அதே மூலையில் கிடக்கிறது. அதற்கு மட்டும்தான் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருடம் கல்லூரிக்குப் பொன்விழா. முதல்வர் மலர் போடுகிறார். "விளையாட்டு வரலாறு நீங்கதான் எழுதணும் மேடம். 'பொற்காலம்'னு தலைப்பு வெச்சிடுங்க" என்றார். குழந்தை பிறக்கும் முன்னே பெயர் வைத்தாயிற்று. அவர் சொல்லும் பொற்காலம் உன் காலம்தான். அலுவலக மாடிப்படி ஓரத்துச் சாதனைப் பலகையில் நானூறு மீட்டருக்கு நேரே இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக ஒருவனும் தொடவில்லை. உன் பழைய படம் ஒன்றும், நீ ஓடிய கதை ஒரு பக்கமும் எழுதி அனுப்பு.

இந்தக் கடிதத்தை எழுதும்போது அப்பா எட்டிப் பார்த்தார். "வீட்டுப்புலிக்கா? நான் கேட்டதாச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். அவர் இன்னும் அதை விடவில்லை. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அப்பாவை மருந்து குடிக்க வைக்க ஒரே வழி, குடிக்க வேண்டாம் என்று சொல்வதுதான். முயன்று பார்.

வேலை வழக்கம்போல. இந்த மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாலு லிஃப்டுக்கும் கம்பிக் கயிறு மாற்றுகிறோம். பகல் முழுக்கக் கிணறு மாதிரி இருட்டில் தொங்கிக்கொண்டு இருக்கிறேன். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. நான் ஓடி நாளாச்சு.

படம் என்னிடம் இல்லை. ஒரு பக்கமெல்லாம் எழுத வராது. ஓடினேன், நேரம் குறித்தார்கள், பலகையில் எழுதினார்கள் என்று போட்டுக்கொள். அதற்குப் பிறகு வெளியே போய் என்ன ஆனது என்று மலரில் போட மாட்டார்கள் அல்லவா? அது போதும்.

ஆனால் ஒரு உதவி. அந்தப் பலகையைத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. போன தடவை வந்தபோது பாப்பா அதன் பக்கத்தில் நின்று எடுத்த படம் வெளிறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டி "இது எங்கப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். லிஃப்ட் மெக்கானிக் மகளுக்குக் காட்டிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது, நீயே சொல்லு.

வீட்டுப்புலி நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். பலகைப் படம் இதோடு இருக்கிறது. வெயில் பட்டுக் கொஞ்சம் பளபளக்கிறது, மன்னித்துக்கொள்.

கடுப்பில் எழுதுகிறேன். இங்கே ஒரு பெண் இருக்கிறாள். கால் நீளம் என்பதால் எல்லோரும் கொக்கு என்று கூப்பிடுகிறார்கள். நம் மைதானத்தில் நானூறு மீட்டரை அவள் ஓடுவதைப் பார்த்தால் நான் நெஞ்சில் கை வைத்துக்கொள்வேன், அப்படி ஒரு ஓட்டம். போன வாரம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் கூட்டிப்போனேன். முக்கால் தூரம் வரை முதலில் வந்தாள். கடைசியில் கால் பின்னி, ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போக, கடைசிக்கு முந்தினவளாக வந்து புல்லில் உட்கார்ந்து அழுதாள். திரும்பி வந்தால் முதல்வர், "நம்ம பிள்ளைங்க எப்பவும் இப்படித்தான் மேடம். வீட்டில புலி, வெளியில எலி" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். கொக்கு இப்போது மைதானத்துக்கே வருவதில்லை.

மலருக்காக ஐம்பது வருடக் கதையைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். தானியக் கிடங்கில் நாற்பது பேரோடு தொடங்கிய கல்லூரி இது. மைதானத்தை முதல் செட் மாணவர்களே மண்வெட்டி பிடித்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் சுமாராக ஓடினார்கள், வெளியிலும் சுமாராகவே ஓடினார்கள். பிறகு மழையில் சுற்றுச்சுவர் இடிந்த வருடம் ஒன்று வருகிறதே, நீ சேர்வதற்கு முந்திய வருடம். அதற்கு அடுத்த வருடம் நீள ஓட்டச் சாதனைகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக உடைகின்றன. அங்கே தொடங்குகிறது பொற்காலம். அன்றிலிருந்து வெளியே போனவன் ஒருவனும் ஜெயிக்கவில்லை. நூறு மீட்டர்க்காரர்கள் மட்டும் இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரி ஓடுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் பயமில்லையா என்ன?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ நம் மைதானத்தில் ஓடும்போது கடைசி வேகத்தை எந்த இடத்தில் பிடிப்பாய்? அப்போதும் சுண்ணாம்பு அண்ணன்தான் கோடு போடுவாரா?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். படம் வந்தது. பாப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லி அடம்பிடித்து, மாட்டியும் ஆயிற்று.

சுண்ணாம்பு அண்ணனா? அவரேதான். அவர் சட்டை என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, எப்போதும் வெள்ளைதான். இன்னும் வேலையில் இருக்கிறாரா? கேட்டதாகச் சொல்.

கடைசி வேகம் தண்ணீர்த்தொட்டிக்கு நேரே. தொட்டி வலது தோளுக்கு வந்ததும் மூச்சை இறுக்கிக்கொண்டு பாய்ந்தால், மூச்சு தீர்கிற இடத்தில் கோடு இருக்கும். கால் அதைப் படித்து வைத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூட ஓடியிருப்பேன்.

வெளியே போய் ஓடிய அந்தப் போட்டியில் தொட்டி இல்லை. ஆனாலும் உடம்புக்குத் தெரிந்தது. இங்கேதான் என்று பாய்ந்தேன். எல்லோருக்கும் முன்னால் இருந்தேன் அக்கா. மூச்சு தீர்ந்தது, கோடு வரவில்லை. கொஞ்ச தூரம்தான், ஆனால் வரவே இல்லை. கால் இரண்டும் தூணாகிவிட்டது. ஐந்து பேர் தாண்டிப் போனார்கள். அப்பா அரைநாள் லீவு போட்டு, அலுவலகத்து ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் போய், "அப்பா, தூரம் அதிகமா இருந்துச்சு" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் புதுப்பெயர் வைத்தார்.

நீ கேட்டதால் எழுதினேன். இதை மலரில் போடாதே.

பாப்பா பள்ளியில் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க என் கையெழுத்துக் கேட்கிறாள். நமக்கு அதெல்லாம் ஒத்து வராது என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை.

அது சரி, தொட்டியைப் பற்றி எதற்குக் கேட்டாய்?

தம்பி


செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பாவின் இருமல் தேவலை. நீ சொன்ன வைத்தியம் பலித்தது.

தொட்டியைப் பற்றிக் கொக்குக்காகத்தான் கேட்டேன், வேறொன்றுமில்லை. அவளை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்துவிட்டேன்.

மைதானத்தில் கோட்டை அழித்துவிட்டு நானே புதிதாகப் போட்டேன். அதனால் சுண்ணாம்பு அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் வரும்போது சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் போகிறார். போகட்டும். பெரிய தலைவலி அதுவல்ல. புதுக்கோட்டில் ஓடினால் பிள்ளைகளின் நேரம் எல்லாம் மோசமாகிறது. முதல்வர் மெமோ கொடுத்துவிட்டார். 'தாங்கள் பொறுப்பேற்றபின் மாணவர்களின் திறன் குறைந்ததற்கான விளக்கத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' பொன்விழா வருடத்தில் மானம் போகிறதாம். விளக்கம் என்னிடம் இருக்கிறது. கொடுக்க முடியவில்லை.

பாப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டால் என்ன? ஓடிவிட்டுப் போகிறாள்.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

நலம். நீ சுற்றி வளைத்து எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு ஒரு வாரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாயே, அதே மாதிரி இருக்கிறது உன் கடிதம்.

கோட்டை ஏன் அழித்தாய்? புதுக்கோட்டில் நேரம் ஏன் மோசமாகிறது? விளக்கம் இருந்தால் ஏன் கொடுக்க முடியாது? நான் படித்தது கொஞ்சம்தான், ஆனால் மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன். நீயே சொல்.

தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நம் மைதானத்தின் நேர்ப்பகுதிக்கு இரண்டு முனையிலும் கல் நட்டிருக்கிறது. அது மாறாது. வளைவுக்குக் கல் கிடையாது. மையத்தில் ஒரு முளை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நடந்தபடியே சுண்ணாம்பு போடுவார்கள். வருடா வருடம் அதே கயிறு. விளையாட்டு அறையில் ஆணியில் தொங்குமே, அதேதான். யாரும் அதைத் தொடக்கூடாது என்பது இந்தக் கல்லூரியின் எழுதாத சட்டம்.

கொக்கு தோற்று வந்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. வெளியிலிருந்து இரும்பு டேப் ஒன்று வாங்கிவந்து அந்தக் கயிற்றை அளந்தேன். இரண்டு மீட்டர் குறைகிறது. நடுவில் என் முஷ்டி அளவுக்கு ஒரு முடிச்சு. சுண்ணாம்பு அண்ணனைக் கேட்டேன். சுவர் இடிந்த வருடம் கல்லை இழுத்துப் போட அந்தக் கயிற்றைத்தான் எடுத்தாராம். அறுந்துபோயிற்றாம். பிய்ந்த பாகத்தை வெட்டிவிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாராம். "கயிறு அதேதான் மேடம். நான் மாத்தவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார். உண்மைதான், அதே கயிறுதான். அவரைத் திட்டவும் முடியவில்லை. இத்தனை வருடம் எனக்கு முன்னால் இருந்த வாத்தியார்கள் ஒருவருமா அதை அளந்து பார்க்கவில்லை?

மையத்திலிருந்து இரண்டு மீட்டர் குறைந்தால் சுற்றில் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் குறையும். நீங்கள் எல்லோரும் நானூறு என்று நினைத்து ஓடியது நானூறே இல்லை. நூறு மீட்டர்க்காரர்கள் நேராக ஓடியதால் தப்பித்தார்கள். நம் கல்லூரியின் பொற்காலம் அந்த முடிச்சுதான்.

இப்போது புரிகிறதா? அன்று நீ பயந்து நிற்கவில்லை. உன் கால் படித்து வைத்திருந்த தூரம் தப்பு. உன்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. சொன்னால் பலகையில் இருக்கிற உன் நேரமும் தப்பு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பாப்பா சட்டம் போட்டு மாட்டிய படத்தை நான் எப்படி இறக்கச் சொல்வேன்?

மெமோவுக்குப் பதில் எழுதினால் முதலில் அடிபடுவது உன் பெயர். நான் எழுதவில்லை. நீ எழுது என்றால்தான் எழுதுவேன். கோபமென்றால் திட்டி எழுது.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? வேலை அதிகமா? இல்லை, எனக்குத் தெரியாததா?

இரண்டாவது மெமோ வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜை இழுப்பறையில் முதல் மெமோவுக்குத் துணையாக வைத்திருக்கிறேன். மலர் அச்சுக்குப் போய்விட்டது. பொற்காலம் அத்தியாயத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று முதல்வரே எழுதிக்கொண்டாராம். அதில் உன்னை 'மின்னல் வீரர்' என்று போட்டிருக்கிறார். படித்துவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொக்கு புதுச்சுற்றில் ஓடுகிறாள். கடைசி வேகத்தைத் தொட்டிக்கு நேரே பிடிக்காதே, தாண்டிப் பிடி என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. நேரம் முன்பைவிட மோசம். சக மாணவர்கள் கேலி செய்கிறார்கள். மேடம் வந்த நேரம் என்கிறார்கள்.

அப்பா தினமும் கேட்கிறார். "வீட்டுப்புலி லெட்டர் போட்டானா?" போடவில்லை என்றால், "என்ன செய்றான் அங்க?" என்று எரிந்து விழுகிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நலம். மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் என்னோடு பேசவே இல்லை. அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது தானாகச் சிரித்தார், பயந்துவிட்டேன். சுவரில் மாட்டிய படத்தை இறக்குவார், திரும்ப மாட்டுவார். பாப்பா ஏன் என்று கேட்டால் ஆணி ஆடுகிறது என்கிறார். ஆணி ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்து எங்கேயோ போனார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்து, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியபடி வந்தார். எங்கே போனீங்க என்றேன். "ஓடிப் பார்த்தேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடிப் பார்த்ததில்லை, அண்ணி.

அவர் மேல் கோபப்படாதீர்கள். எழுதுவார்.

அன்புடன்


டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். உன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாததால்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

சுண்ணாம்பு அண்ணன் மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வாத்தியார்கள் மேல் பட்டேன். எங்கள் தொழிலில் கயிற்றில் முடிச்சு என்ற பேச்சே கிடையாது. நைந்தால் மாற்ற வேண்டும். லிஃப்ட் கயிறு இரண்டு மீட்டர் குறைந்தால் அன்றைக்கே ஊர் கூடிவிடும். மனிதனை ஓடவிடுகிற கயிறு குறைந்தால் மட்டும், ஓடுகிறவன் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இருபத்தைந்து வருடம் அக்கா. நான் பெரிய மைதானத்தைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு போனவன். எந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு போனாலும், கடைசியில் உனக்குக் கால் தடுக்கும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். நானும் அதை நம்பினேன். என் மகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

இதோடு முதல்வருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். என் நேரம் குறைந்த தூரத்தில் எடுத்தது, என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்தக் கயிற்றுக் காலத்து மற்ற நேரங்களையும் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். நீ உன் மெமோவுக்குத் தாராளமாகப் பதில் எழுது.

பாப்பாவிடம் சொன்னேன். "அப்போ நீ நிஜமாவே கடைசி வரைக்கும் ஓடினியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். போடும் முன்னால் அவள் பள்ளிக்கூடத்து மைதானத்தை டேப் வைத்து அளந்தேன். காவலாளி என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். அளவு சரியாக இருக்கிறது.

அப்பாவிடம் மட்டும் சொல்லாதே. மறுபடியும் அந்தப் பழமொழியைச் சொல்வார். இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தையும் என் விளக்கத்தையும் முதல்வரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "புகார் வந்தது ஒருத்தரைப் பத்தித்தானே மேடம்? அந்த ஒரு பேரை எடுத்துடலாம்" என்றார். மற்றவர்களும் அதே சுற்றில்தான் ஓடினார்கள் என்றேன். "அவங்க யாரும் எழுதிக் கொடுக்கலையே" என்றார். பெயிண்டர் வந்து உன் பெயரை அழித்தார். இடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று உனக்கு அடுத்தபடியாக ஓடியவரின் பெயரை எழுதிவிட்டார்கள். உனக்கு மறுவருடம் படித்தவர், அதே கயிறு, அதே முடிச்சு. இப்போது அவர்தான் பொன்விழாக் குழுத் தலைவர். நேர்மைக்குக் கிடைத்த பரிசைப் பார். மலரில் நீ இன்னும் மின்னல் வீரர்தான். அச்சடித்ததை மாற்ற முடியாதாம்.

நீ சொல்லாதே என்றாய். என்னால் காப்பாற்ற முடியவில்லை. விழாவுக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். மாடிப்படி ஓரம் போனதும் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என் மகன் பேர் எங்க?" என்றார். சத்தமாகத்தான் கேட்டார், கூட்டமே திரும்பியது. குழுத் தலைவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். அப்பா கையை உதறிவிட்டு, "நீ அவனுக்குப் பின்னால வந்தவன்தானே? உன் பேர் அங்க எப்படி?" என்றார். உன்னை வீட்டுப்புலி என்று சொல்லிக்கொண்டே இந்த மனிதர் அந்தப் பலகையை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, முடிச்சு, உன் கடிதம் எல்லாம். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "அந்த டேப்பைக் கொஞ்சம் குடு" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

கொக்கு போன வாரம் வெளியூர்ப் போட்டியில் நாலாவதாக வந்தாள். பரிசு இல்லை. நாலாவது வந்ததற்கெல்லாம் பயணப்படி கிடையாது என்று அலுவலகத்தில் பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் தம்பி, கோடு வரும்வரை அவள் கால் நிற்கவில்லை. தாண்டியும் நாலு எட்டு ஓடினாள்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அக்காவின் கடிதத்து ஓரத்தில்கூட நான் ஒரு வரி எழுதியவனில்லை, அதனால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பேனா பிடித்து நாளாயிற்று, எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொள். இருமல் இருக்கிறது. மருந்தைக் குடிக்க வேண்டாம் என்று உன் அக்கா சொன்னதன் உள்குத்து எனக்கு அப்போதே தெரியும். பாவம் என்று குடித்தேன்.

டேப்பை வாங்கி அந்தப் பன்னிரண்டு மீட்டர் சொச்சம் எவ்வளவு என்று வீட்டுக்குள்ளேயே அளந்தேன். வாசல் கதவில் தொடங்கினால் கூடம், சமையலறை எல்லாம் தாண்டிப் பின்பக்கக் குழாய் வரை போகிறது. கோலை ஊன்றிக்கொண்டு நடந்து பார்த்தேன். நடுவில் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது. மூச்சு எல்லாம் தீர்ந்த பிறகு இவ்வளவு தூரம் நீ ஓடியிருக்கிறாய். நான் மேலே நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு என்னோடு வந்த நாலு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. இருக்கிற இரண்டு பேர் வீட்டுக்கும் ஆட்டோ வைத்துப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருவருக்குக் காது கேட்கவில்லை, இரண்டு தடவை கத்திச் சொன்னேன். அந்தப் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னது நான் ஒருவன்தான்.

பாப்பா எப்போது ஓடுகிறாள் என்று எழுது. இந்தத் தடவை யாரையும் கூட்டிக்கொண்டு வர மாட்டேன், தனியாகவே வருவேன்.

அன்று நீ என்னிடம் வந்து தூரம் அதிகமாக இருந்தது என்றாய். நீ சொன்னது சரி. கூடம் கோணல்தான்.

உன்
அப்பா